முப்பத்தாறு பாத்தி

முகாமுக்கு வந்த நாலாம் நாள் மாலை நாலு நாற்பதுக்கு, சாந்தாமணி டீச்சர் முகம் தெரியாத ஒரு பிள்ளையைக் கணக்கில் பெயிலாக்கிவிட்டு, பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். அப்போது அவளுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. பத்தாம் வகுப்புக் கணக்கில் பெயிலாகிறவர்கள் ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள். ஒவ்வொருத்தருக்காகவும் உட்கார்ந்து வருத்தப்பட்டால் வாத்தியார் வேலை பார்க்க முடியாது.

அது தொண்ணூற்றாறாம் வருஷம், ஏப்ரல் மாதம். கோயமுத்தூரில் ஒரு பழைய பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்தும் முகாம் போட்டிருந்தார்கள். அறைக்கு அறை நீள மேசை, மேசைக்கு எட்டு வாத்தியார்கள், எட்டு பேரையும் மேய்க்க ஒரு தலைமைத் தேர்வாளர். காலையில் பதினைந்து தாள், மதியம் பதினைந்து. தாள் எந்த ஊர்ப் பிள்ளையுடையது என்று தெரியாமலிருக்க, பதிவெண்ணைக் கிழித்துவிட்டு வேறு ஒரு எண் போட்டிருப்பார்கள். சிவப்புப் பேனா தவிர எந்தப் பேனாவும் உள்ளே வரக் கூடாது. விடைக்குறிப்பு என்று ஒரு தாள் கொடுப்பார்கள். எந்த வரிக்கு எத்தனை மதிப்பெண் என்று அதில் இருக்கும். அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை. யோசிக்க உட்கார்ந்தால் பதினைந்து தாள் முடியாது.

முதல் நாளே விதிகளை வாசித்துக் காட்டியிருந்தார்கள். அதில் ஒன்று, திருத்துகிறவருக்கு ஏதாவது எழுதியிருந்தால் அந்தத் தாளைத் தனியே எடுத்து முகாம் அலுவலரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது. பிள்ளைகள் எழுதத்தான் செய்கிறார்கள். இரண்டாம் நாள் ஆனைமலையிலிருந்து வந்திருந்த மெர்சி டீச்சருக்கு வந்த விடைத்தாள் கட்டுக்குள், அப்பா இல்லை, அம்மா கூலிக்குப் போகிறது, எப்படியாவது பாஸ் போட்டுவிடுங்கள் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு தாள் இருந்தது. மெர்சி கண்ணைத் துடைத்துக்கொண்டே அதைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்தத் தாள் ஒரு பழுப்பு உறைக்குள் போய்விட்டது. அப்படிப் போனால் அந்தப் பிள்ளையின் தேர்வு முழுவதும் ரத்து. மூன்று தடவைக்கு எழுத முடியாது. அதாவது, அதோடு படிப்புக்கு முழுக்கு.

சாந்தாமணி காங்கேயத்தில் ஒரு உதவி பெறும் பள்ளியில் கணக்கு டீச்சர். வயது நாற்பத்தாறு. கல்யாணம் ஒவ்வொரு காரணத்தால் தள்ளித் தள்ளிப் போய், பிறகு அதைப் பற்றிப் பேச்செடுக்கிறவர்களும் இல்லாமல் போனார்கள். அண்ணன் குடும்பம் அதே ஊரில்தான் இருக்கிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கூப்பிடுவார்கள், போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவாள். மற்ற நாட்களில் அவளுக்குப் பள்ளிக்கூடம்தான் எல்லாம். பள்ளிக்குப் பின்னால் கொப்பரை காய்கிற களத்திலிருந்து வரும் வாசம்கூட, லீவு நாளில் இல்லாவிட்டால் அவளுக்கு என்னவோ போலிருக்கும்.

அந்தப் பள்ளியில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு. இன்னொருவழி டீச்சர். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் புத்தகத்தை மூடி வைக்கச் சொல்லிவிடுவாள். ஒரு கணக்கைப் பலகையில் எழுதிப்போட்டு, புத்தகத்தில் இல்லாத இன்னொரு வழியில் இதைப் போடுங்கள் என்பாள். போட்டுக் காட்டுகிற பிள்ளையின் பெயர் பலகையின் ஓரத்தில் ஒரு வாரம் அழியாமல் இருக்கும். மற்ற வாத்தியார்கள் சிரித்தார்கள். ஒரு வழியையே ஒழுங்காகப் போடத் தெரியாத பிள்ளைகளுக்கு இரண்டு வழி எதற்கு என்றார்கள். சாந்தாமணி சட்டை செய்யவில்லை. யோசிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று கிடைத்தால் போதும் என்று இருபத்திரண்டு வருஷமாக வெள்ளிக்கிழமைகளை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அது எப்படியோ மேலதிகாரிகள் காதுக்குப் போய்விட்டது. வரும் ஜூனில் ஈரோட்டில் நடக்கும் ஆசிரியர் பயிற்சியில் 'வகுப்பறையில் படைப்பாற்றலும் புதுமையும்' என்று அவள் பேச வேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. அவளுக்குப் பெருமைதான், இல்லை என்று சொல்ல முடியாது. முகாமுக்காகக் காந்திபுரத்தில் வேலைக்குப் போகும் பெண்களின் விடுதி ஒன்றில் பத்து நாளைக்குக் கட்டில் எடுத்திருந்தாள். தினமும் பொழுதோடு அங்கே உட்கார்ந்து அந்தப் பேச்சை எழுதிக்கொண்டிருந்தாள். பதினொரு பக்கம் வந்திருந்தது.

அந்தப் பதினொரு பக்கத்தில் ஒரு விஷயத்தை மட்டும் அவள் எழுதவில்லை. எழுதவும் மாட்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கீதா என்கிற பிள்ளையின் மேசைக்கடியில் ஒரு நோட்டு கிடந்தது. காக்கி அட்டை போட்டு, மேலே அழகாக 'இன்னொரு வழி' என்று எழுதியிருந்தது. சாந்தாமணிக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. பிள்ளைகள் தாங்களாகவே நோட்டுப் போட்டு யோசிக்கிறார்களே என்று ஆசையாக எடுத்துப் புரட்டினாள். உள்ளே பாடவாரியாகக் கணக்குகள். ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டாவது வழி. நாலு பேருடைய கையெழுத்து இருந்தது. முதல் பக்கத்தில் எண்பத்தொன்பதாம் வருஷத்துத் தேதி. அவள் வெள்ளிக்கிழமைகளில் கொடுத்த கணக்குகள் அத்தனையும், அவற்றுக்கு யாரோ முதல் தடவை சொன்ன பதில்களும் வரிசையாக இருந்தன. பாதிக்கு மேல் அவளே பொறுக்க முடியாமல் சொல்லிக்கொடுத்தவை.

கீதாவைக் கூப்பிட்டு விசாரித்தாள். அந்தப் பிள்ளைக்கு ஒளிக்கத் தெரியவில்லை. ஒளிக்க வேண்டிய விஷயம் என்றே அதற்குத் தோன்றவில்லை.

"சீனியர் அக்கா குடுத்ததுங்க டீச்சர். வெள்ளிக்கிழமை நீங்க கேக்கறது பூராவும் இதுல இருக்குதுங்க. நான் முழுசும் மனப்பாடம் பண்ணீட்டனுங்க."

சாந்தாமணி நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். திட்டவில்லை. அந்த வெள்ளிக்கிழமையும் கீதா எழுந்து ஒரு வழி சொன்னாள், அவள் பெயர் பலகையில் ஏறியது. அன்று சாயங்காலம் வீட்டில் தனியாக உட்கார்ந்து சாந்தாமணி அழுதாள். யாரிடமாவது சொல்லியிருந்தால் மனசு ஆறியிருக்கும். சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்காமல் கேட்கிற ஆள் அவளுக்கு வாய்க்கவில்லை. கணக்கை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தாள். புதுக் கணக்கு என்றால் வகுப்பே தலையைக் குனிந்துகொண்டது. பழைய கணக்கு என்றால் பத்துக் கை உயர்ந்தது. உயர்ந்த கைகளைப் பார்த்து, தெரியாதவள்போலச் சந்தோஷப்படப் பழகிக்கொண்டாள்.

இப்போது பஸ்ஸுக்கு வருவோம்.

டவுன் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, யாருடைய டிபன் கேரியரோ இடுப்பில் இடிக்க, சாந்தாமணி அந்தக் கடைசித் தாளை நினைத்தாள். நினைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. முப்பத்தாறு என்ற எண் மட்டும் தானாக வந்து நின்றது.

கேள்வி இதுதான். ஒரு வேலையை ஒருவன் பன்னிரண்டு நாளில் முடிப்பான், இன்னொருவன் பதினெட்டு நாளில் முடிப்பான். இரண்டு பேரும் சேர்ந்து ஆறு நாள் வேலை செய்த பிறகு முதல் ஆள் போய்விட்டான். மிச்ச வேலையை இரண்டாமவன் எத்தனை நாளில் முடிப்பான்? ஐந்து மதிப்பெண். ஒரு நாள் வேலையைப் பின்னத்தில் எழுதி, கூட்டி, பெருக்கி, கழித்து வர வேண்டும். விடைக்குறிப்பில் அப்படித்தான் இருந்தது. விடை மூன்று நாள்.

அந்தத் தாளில் பின்னமே இல்லை. சின்னச் சின்னக் கட்டங்களாக வரைந்து வைத்திருந்தது. பக்கத்தில் '36 பாத்தி' என்று எழுதியிருந்தது. கீழே 'விடை 3 நாள்'. கரண்ட் போய், விசிறி நின்று, சேலை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்த நேரம். இன்னும் ஒரே தாள்தான் என்று தலைமைத் தேர்வாளர் வெங்கடபதி இரண்டு தடவை வந்து நின்றுவிட்டுப் போயிருந்தார். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து விடையை எழுதிவிட்டு இடத்தை நிரப்பப் படம் போட்டிருக்கிறது என்று சாந்தாமணி முடிவுகட்டினாள். விடைக்கு ஒன்று போட்டாள். மற்றதைச் சுழித்தாள். கூட்டினால் முப்பத்தொன்று. முப்பத்தைந்து வந்தால்தான் பாஸ். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்று வந்தால் எங்காவது ஒட்டவைக்க முடியுமா என்று தாளை ஒரு தடவை திருப்பிப் பார்ப்பது வாத்தியார்கள் வழக்கம். அவளும் திருப்பினாள். பார்க்கவில்லை.

பார்த்து எழுதிய பிள்ளைக்கு முப்பத்தாறு எங்கிருந்து கிடைத்தது? கேள்வியில் அந்த எண்ணே இல்லையே.

கம்பியைப் பிடித்தபடி அவள் மனசுக்குள் போட்டுப் பார்த்தாள். வேலை என்பது முப்பத்தாறு பாத்தி நாற்று நடுவது என்று வைத்துக்கொண்டால், பன்னிரண்டு நாளில் முடிப்பவன் ஒரு நாளைக்கு மூன்று பாத்தி நடுவான். பதினெட்டு நாளில் முடிப்பவன் இரண்டு பாத்தி. இரண்டு பேரும் சேர்ந்தால் ஐந்து. ஆறு நாளில் முப்பது பாத்தி ஆயிற்று. மிச்சம் ஆறு. ஒரு நாளைக்கு இரண்டாக நடுகிறவன் அதை மூன்று நாளில் முடிப்பான்.

சரி. அத்தனையும் சரி. பின்னமே இல்லாமல், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் சரி. இருபத்திரண்டு வருஷமாக எந்த வெள்ளிக்கிழமையும் எந்தப் பிள்ளையும் தானாகப் போடாத கணக்கை ஒரு பிள்ளை போட்டு அவள் கைக்கே அனுப்பியிருக்கிறது. அதை அவள் சுழித்துவிட்டு வந்திருக்கிறாள். நாலு மதிப்பெண். சரியாக நாலு.

இறங்க வேண்டிய இடம் போய் இரண்டு ஸ்டாப் ஆகிவிட்டிருந்தது. கண்டக்டர் சத்தம் போட்டார். இறங்கித் திரும்பி நடந்தாள்.

விடுதிக்கு வந்தால் கூடத்தில் துணிக்கடை வேலைக்குப் போகிற பிள்ளைகள் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஒரு டெலிபோன் இருந்தது. சாந்தாமணி அதன் பக்கத்தில் போய் நின்றாள். யாரையாவது கூப்பிட்டு, இப்படி ஒரு தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. அண்ணனைக் கூப்பிடலாம். உடம்புக்கு என்ன என்று பதறுவார். பிறகு, இதற்கா போன் பண்ணினாய் என்பார். வேறு எந்த நம்பரும் ஞாபகத்தில் இல்லை. அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். பதினொரு பக்கமும் தலையணைக்கடியில் இருந்தன. எடுத்துப் படிக்கக் கூச்சமாக இருந்தது.

மறுநாள் எட்டு மணிக்கே முகாமுக்குப் போய்விட்டாள். மெர்சியும் சீக்கிரம் வந்திருந்தாள். வேறு வழியில்லாமல் அவளிடம் சொன்னாள். மெர்சி நல்ல பிள்ளை. முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, கட்டு கையை விட்டுப் போய்விட்டது, இனிமேல் கிளறினால் உங்களுக்குத்தான் மெமோ வரும், அந்தப் பிள்ளை செப்டம்பரில் திரும்ப எழுதிப் பாஸாகிவிடும், விட்டுவிடுங்கள் என்றாள். அக்கறையில்தான் சொன்னாள்.

செப்டம்பர் என்பது பெயருக்குத்தான். மார்ச்சில் பெயிலான பிள்ளைகள் செப்டம்பருக்குள் எங்கே போய்விடும் என்று சாந்தாமணிக்குத் தெரியும். அவளிடம் பெயிலானவர்கள் பாதிப் பேர் ஜூலையில் திருப்பூர் பனியன் கம்பெனி பஸ்ஸில் ஏறியிருப்பார்கள். இந்தப் பிள்ளை மானாவாரிக் காடு என்று எழுதாமல் பாத்தி என்று எழுதியிருந்தது. தண்ணீர் பாய்கிற சீமைப் பிள்ளை. அந்தப் பக்கம் எந்த பஸ் வருமோ தெரியாது. ஏதோ ஒரு பஸ் வராமலிருக்காது.

வெங்கடபதி உடுமலைப் பக்கத்தில் ஒரு பள்ளியில் தலைமையாசிரியர். ஜூன் முப்பதோடு ஓய்வு. ஒரு கறுப்புப் புள்ளி இல்லாமல் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதே அவருடைய மிச்ச ஆசை. சாந்தாமணி சொன்னதைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏனுங்க டீச்சர், கட்டு ஆபீஸ் ரூமுக்குப் போயிருச்சுங்க. எடுக்கோணும்னா நீங்க தப்புப் பண்ணிப்போட்டேன்னு எழுதித் தரோணும். அதோட காப்பி மேலிடத்துக்குப் போகும். ஜூன்ல என்னமோ பேசறீங்கன்னு சொன்னாங்களே, அதுக்கு அப்புறம் உங்களைக் கூப்பிடமாட்டாங்க. யோசிச்சுக்குங்க."

"யோசிச்சுட்டுத்தானுங்க வந்தேன்."

அவர் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். அவள் நின்றபடியே எழுதினாள். சிவப்பு மையில் எழுதும்போது அது ஏதோ பிள்ளையின் தாளைத் திருத்துவது மாதிரியே இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஈரோட்டுப் பேச்சு அதோடு போயிற்று. போனதில் பாதி நிம்மதிதான்.

கட்டு சாப்பாட்டு வேளையில்தான் கீழே வந்தது. வெங்கடபதி அந்தத் தாளை மட்டும் உருவி அவளிடம் கொடுத்து, பார்த்து வையுங்கள், சாப்பிட்டுவிட்டு வந்து கேட்கிறேன் என்று கைகழுவப் போனார். மற்றவர்கள் வேப்பமரத்தடிக்குக் கூட்டம் கூட்டமாகப் போய்விட்டார்கள். ஊர்க்காரர் ஊர்க்காரரோடு, பள்ளிக்கூடத்துக்காரர் பள்ளிக்கூடத்துக்காரரோடு உட்கார்ந்து, டப்பாக்களைத் திறந்து ஒருவருக்கொருவர் பொரியலை மாற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அறையில் சாந்தாமணி மட்டும் இருந்தாள்.

தாளைத் திறந்தாள். கட்டங்களை எண்ணினாள். ஆறு வரிசை, வரிசைக்கு ஆறு. முப்பது கட்டத்துக்குள் சின்னதாக ஒரு புள்ளி, நட்டு முடித்தாகிவிட்டது என்பதற்கு. ஆறு கட்டம் வெறுமையாக இருந்தது. பேனா நிப்பு ஒழுகியிருக்கும் போல, சில புள்ளிகள் பெரிதாக ஊறியிருந்தன. நன்றாக இருந்தது, அவ்வளவு நன்றாக இருந்தது அந்தக் கணக்கு.

பக்கத்தைத் திருப்பினாள்.

அடுத்த பக்கத்தில் மேலே நாலு வரி. அதற்குக் கீழே வெற்று இடம். வெற்று இடத்தில் மூலைக்கு மூலை சிவப்புக் கோடு இழுப்பது வழக்கம். நேற்று அவள் இழுத்த கோடு அந்த நாலு வரியையும் சேர்த்து அறுத்துக்கொண்டு போயிருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று அப்போது படிக்கவில்லை. இப்போது படித்தாள்.

'திருத்தும் அம்மா அல்லது ஐயா அவர்களுக்கு. எனக்குப் பின்னம் வராது. அதனால் 36 பாத்தி என்று நானே வைத்துக்கொண்டேன். எங்கள் சார் இப்படிப் போட்டால் தப்பு என்கிறார். ஆனால் விடை சரியாக வருகிறது. இது தப்பா சரியா என்று சொல்லவும்.'

மார்க் போடச் சொல்லவில்லை. அப்பா இல்லை, அம்மா இல்லை என்று ஒன்றும் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் விதி அந்த வித்தியாசத்தையெல்லாம் பார்க்காது. திருத்துகிறவருக்கு எழுதிய கடிதம். தனியே எடு, பழுப்பு உறையில் போடு. நேற்று யாரும் பார்க்காமல் தப்பித்துப்போன தாளை, நியாயம் செய்கிறேன் என்று அவளே தோண்டி எடுத்து, இன்னும் பத்து நிமிடத்தில் தலைமைத் தேர்வாளர் முன்னால் விரிக்கப் போகிறாள்.

வெங்கடபதி கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராக இருந்தால்கூடப் பேசி வளைத்துவிடலாம். அவர் விதிப்படி நடக்கிற மனிதர். பார்த்தால் எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். மனசு கஷ்டப்பட்டுக்கொண்டே கொடுப்பார். ஒன்றும் இல்லை, நான்தான் தப்பாக நினைத்துவிட்டேன் என்று தாளை மூடித் திருப்பிக் கொடுத்துவிடலாம். கொடுத்தால் முப்பத்தொன்று.

தாள் திருப்ப விரல் நனைத்துக்கொள்ள மேசையில் ஒரு ஸ்பாஞ்சு டப்பா இருந்தது. பிள்ளை எழுதியிருந்தது ஊற்றுகிற நீல மையில். தண்ணீர் பட்டால் கரைகிற மை.

சாந்தாமணி கதவைப் பார்த்தாள். கட்டைவிரலை ஸ்பாஞ்சில் அழுத்தினாள். முதலில் 'திருத்தும் அம்மா' என்ற இடத்தில் வைத்துத் தேய்த்தாள். எழுத்து நீலமாகப் பரவியது. மறுபடி நனைத்தாள். பின்னம் வராது என்பது போயிற்று. எங்கள் சார் என்பது போயிற்று. 'நானே வைத்துக்கொண்டேன்' என்ற இடத்துக்கு வந்தபோது அவளால் முடியவில்லை. விரல் அங்கேயே நின்றது.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் இருபத்திரண்டு வருஷம் கத்தினாள். நானே வைத்துக்கொண்டேன் என்று ஒரு பிள்ளை சொல்ல வேண்டும் என்பதற்காக. சொன்ன பிள்ளை எங்கேயோ இருக்கிறது. அது ஆணா பெண்ணா என்றுகூட அவளுக்குத் தெரியாது. அதன் வார்த்தையை யாருக்கும் தெரியாமல் அழிக்கிற வேலை அவளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வெளியே யாரோ எதற்கோ சிரித்தார்கள். சாந்தாமணி உதட்டைக் கடித்துக்கொண்டு அதையும் தேய்த்தாள். 'தப்பா சரியா என்று சொல்லவும்' என்பதைக் கடைசியாகத் தேய்த்தாள். காகிதம் ஊறி மேலெழும்பியது. முந்தானையால் ஒற்றினாள். தண்ணீர் கொட்டிய தாள் மாதிரிதான் இருந்தது.

வெங்கடபதி பல்லைக் குத்திக்கொண்டே வந்து எதிரில் உட்கார்ந்தார். அவள் கட்டங்களைக் காட்டி விளக்கினாள். பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. அவரும் கணக்கு வாத்தியார்தான், ஒரு காலத்தில் நல்ல கணக்கு வாத்தியாராக இருந்திருக்க வேண்டும். தாளைக் கையில் வாங்கித் தானே ஒரு தடவை எண்ணினார்.

"பின்னத்துக்கே போகலீங்களே. அப்படியே வயக்காட்டுல நின்னு போட்ட மாதிரி இருக்குதுங்க."

விடைக்குறிப்பில் இந்த வழி இல்லை, ஆனால் சரியான வேறு முறைக்கும் முழு மதிப்பெண் தரலாம் என்று கடைசியில் ஒரு வரி இருக்கிறது என்றார். அந்த வரியை எல்லாக் குறிப்பிலும் போடுவார்கள். அதைப் பயன்படுத்தி அவர் பார்த்ததில்லையாம். ஒன்றை அடித்து ஐந்து என்று போட்டார். முப்பத்தொன்றை அடித்து முப்பத்தைந்து என்று போட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு பக்கத்தைத் திருப்பினார்.

"இதென்னுங்க, தண்ணி கொட்டியிருக்குது?"

"என்ற கை பட்டுப்போச்சுங்க. ரஃப் ஒர்க்தானுங்க அது."

அவர் அந்த நீலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவளைப் பார்த்தார். தாளை மடித்துக் கட்டுக்குள் வைத்து, ஆபீஸ் ரூமுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவ்வளவுதான், பிள்ளை பாஸ். சாந்தாமணிக்குச் சந்தோஷம் வர வேண்டும். டப்பாவைத் திறந்து தயிர்ச்சோற்றைப் பிசைந்தாள். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

ஜூனில் முடிவு வரும். அந்தப் பிள்ளை கணக்கில் முப்பத்தைந்து என்று பார்க்கும். வீட்டில் மிட்டாய் வாங்குவார்கள். எந்தக் கணக்குக்கு எத்தனை வந்தது என்று அதற்குத் தெரியப்போவதில்லை. பாத்திக் கணக்குக்கு ஒன்றும் விழுந்திருக்காது, மற்றதில் எப்படியோ தப்பித்துவிட்டோம் என்றுதான் நினைக்கும். கேட்டுப் பார்த்தோம், யாரும் பதில் சொல்லவில்லை, சார் சொன்னதுதான் சரி என்று நினைக்கும். இனிமேல் கட்டம் போடாது. புத்தகத்தில் இருக்கிற மாதிரி மனப்பாடம் பண்ணிக்கொள்ளும். அது இத்தனை நல்ல கணக்கு என்று கண்ணால் பார்த்துத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தர் ஆபீஸ் ரூமுக்குப் போய்விட்டார். இன்னொருத்தி இங்கே உட்கார்ந்திருக்கிறாள். சரிதான் கண்ணு, நீ போட்டது சரிதான் என்று இரண்டு வார்த்தை சொல்ல அவளுக்கு விலாசம் கிடையாது.

மணி அடித்தது. எல்லோரும் கைகழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். சாப்பிட்டீங்களா என்று மெர்சி கேட்டாள். ஆச்சு என்றாள். மதியக் கட்டு வந்தது. சாந்தாமணி முதல் தாளை எடுத்துத் திறந்தாள். முதல் கணக்கு விடைக்குறிப்பில் இருந்தபடியே, வரிக்கு வரி இருந்தது. ஐந்து போட்டாள்.